நாளைக்கு எடுத்த இரண்டு ஆணிகள்

பாதிரியாரிடம்கூடச் சொல்லாத ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆங்கில வினைச்சொல்லின் வாலில் ஒரு 'டு' ஒட்டத் தெரிந்துவிட்டால் என் வீடு தப்பிவிடும் என்று, நாற்பத்தெட்டு வயதில், தலையெல்லாம் நரைத்த பிறகு, மனதார நம்பினேன். வாஷ் என்றால் வாஷ்டு. செக் என்றால் செக்டு. இவ்வளவுதானா ஆங்கிலம், இதை வைத்துக்கொண்டா வெள்ளைக்காரன் அத்தனை வருடம் அலட்டினான் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அன்றைக்கு எனக்கு லேசான காய்ச்சல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடு என்றால் பங்களா இல்லை. தேயிலை ஃபேக்டரியின் முதுகோடு ஒட்டிய இரண்டு அறை, ஒரு சமையலறை. குன்னூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கம்பெனி வீடு, ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறவனுக்கு மட்டும் உரியது. ஃபேக்டரியில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம், அதில் பதினோரு வருடமாக அந்தச் சூப்பர்வைசர் நான்தான்.

அந்த வீட்டில் ஒரு அதிசயம் உண்டு. தூளை உலர்த்துகிற டிரையர் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். ஆடி மாதத்தில் மலையிலுள்ள அத்தனை குடும்பமும் ஈரத் துணியோடு மல்லுக்கட்டும்போது எங்கள் வீட்டுத் துணி மட்டும் அந்தச் சுவரோரம் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். என் மனைவிக்கு மூட்டுவலி. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் முதுகையும் முழங்காலையும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டு நிற்பாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இந்தச் செவுரு ஒண்ணுதானுங்க லாபம்" என்பாள். கேலிதான். ஆனால் பதினெட்டு வருடக் குடும்பத்தில் நான் அவளுக்கு வேறென்ன கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தால், கேலி கொஞ்சம் குறைந்துவிடும்.

அந்தச் சுவருக்குத்தான் ஆபத்து வந்தது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அன்று மூடி ஓயவில்லை.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. வெளிநாட்டுக்காரங்க நம்ம தூளு வாங்கோணும்னா ஒரு சர்டிபிகேட் வேணுமாம். இனி ரிஜிஸ்டரு இங்கிலீஷ்ல இருக்கோணும். அஞ்சு வாரத்துல இன்ஸ்பெக்ஷன். வர்றவரு உங்களைத்தான் கேப்பாரு."

"என்னையவா?"

"எழுதறவரைத்தானுங்களே கேப்பாங்க. முடியலீன்னா இப்பவே சொல்லிருங்க. டிகிரி முடிச்ச ஒருத்தரைப் பாத்து வெச்சிருக்கறேன்."

"அப்ப என்னோட வீடு?"

மூடி ஒரு முறை திறந்து மூடியது. "வீடு சூப்பர்வைசருக்குங்கண்ணா."

"முடியுமுங்க" என்றேன். கம்பீரமாகச் சொன்னதாகத்தான் ஞாபகம். வெளியே வந்து, ஓடாத மெஷின் ஒன்றை அணைப்பதற்காகப் பத்து நிமிடம் சுவிட்சைத் தேடினேன்.

அதுவரை எங்கள் ரிஜிஸ்டர் தமிழில் இருந்தது. மாதத்தின் முதல் நாள் 'தரை கழுவப்பட்டது, காந்தம் பார்க்கப்பட்டது, டிரையர் ஆறு மணிக்கு நிறுத்தப்பட்டது' என்று எழுதுவேன். மீதி வேலை நாளெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் 'மேற்படி', 'மேற்படி'. என் வாழ்நாளில் நான் அதிகம் எழுதிய சொல் அதுதான். அதையும் அன்றன்றைக்கு எழுதுவதில்லை. வேலை நாளில் கையெல்லாம் இலைச்சாறும் கிரீஸுமாக இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, கையைக் கழுவி, வரப்போகும் ஆறு நாளுக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடுவது. இலையின் எடைக்கு மட்டும் இடம் விட்டிருப்போம். எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். 'ஞாயிறு எழுத்து' என்று அதற்குப் பெயரே உண்டு. திங்கட்கிழமை காலையில் மேனேஜர் ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். படிக்க மாட்டார். மேற்படியில் படிக்க என்ன இருக்கிறது? சோதனைக்கு வந்தவர்களும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அரைக் கிலோ தூளோடு போய்விடுவார்கள்.

இந்த வழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் பிரச்சினை.

வீட்டில் சொன்னேன். மனைவி காரட் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நேத்து நடந்ததை இங்கிலீஷ்ல எழுதோணும், அவ்வளவுதானுங்களே? அது எனக்குத் தெரியுமுங்க."

என் மனைவி டவுனிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. ஆறாம் வகுப்பு வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவதுதான் டூட்டி. உள்ளே பிள்ளைகள் வருடா வருடம் ஒரே அட்டவணையை ராகம் போட்டுக் கத்துகிறார்கள். இவள் வெளியே பதினான்கு வருடமாகக் கேட்கிறாள். அர்த்தம் பாதி தெரியாது. ராகம் முழுக்கத் தெரியும்.

அன்று மாலையிலிருந்து எங்கள் வீடு பள்ளிக்கூடமானது. அவள் சுவரில் முழங்காலை ஒட்டிக்கொண்டு நிற்பாள். நான் தரையில் உட்கார்ந்து காரட் சீவுவேன்.

"வாஷ். சொல்லுங்க."

"வாஷ்."

"நேத்து?"

"வாஷ்டு."

"நாளைக்கு?"

"வில் வாஷ்."

"இப்பத்தான் முடிஞ்சுது?"

"ஹேவ் வாஷ்டு."

"அவரு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருந்துச்சு?"

"ஹேட் வாஷ்டு."

"நாளைக்கு இந்நேரத்துக்கெல்லாம் முடிஞ்சிருக்கும்?"

"வில் ஹேவ்..." என்று ஆரம்பித்து நான் காரட்டைப் பார்ப்பேன்.

"காரட்டை என்னத்துக்குப் பாக்கறீங்க? அதுக்குத் தெரிஞ்சா அது சூப்பர்வைசராயிருமே!"

ஒரு வாரத்தில் நாற்பது சொல் மனப்பாடம். க்ளீன்டு, செக்டு, ஓபன்டு, க்ளோஸ்டு, ஸ்டார்டட், ஸ்டாப்டு. ஃபேக்டரிக்குள் நடக்கும்போதெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்து ஒருவர் வழிவிட்டு நின்றார். போனில் ஒரு பெண் குரலும் கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்தது. நேற்று ஆப்பிள் தின்றேன், நாளை ஆப்பிள் தின்பேன் என்று ஒரே ஆப்பிள். எங்கள் ஃபேக்டரியில் ஆப்பிள் தின்றதை எந்த ரிஜிஸ்டரிலும் எழுத வேண்டியதில்லை. அணைத்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு கேள்வி வந்தது. "கூட்டுறதுக்கு ஸ்வீப் தானே? நேத்து கூட்டினா ஸ்வீப்டுவா?"

அவள் முகம் மாறியது. "அது வேற மாதிரி மாறுமுங்க. டு போட்டா டீச்சரு அடிப்பாங்க."

"எப்படி மாறும்?"

"அதெல்லாம் ஏழாங்கிளாஸ்லதானுங்க. ஏழாங்கிளாஸ் மாடியில. அங்க எனக்கு டூட்டி இல்லீங்க."

ஆக, ஆங்கிலத்தில் ஒழுங்காக நடந்துகொள்ளும் சொற்கள் எல்லாம் கீழ்த்தளத்தில் இருந்தன. அடங்காத சொற்கள் அத்தனையும் மாடியில் இருந்தன. அந்த மாடிக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் டூட்டி இல்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். மேனேஜர் காதுக்குப் போய்விடும். அதனால் நான் ஒரு முடிவெடுத்தேன். மொழியை மாற்ற முடியாது, ஃபேக்டரியை மாற்றிவிடலாம்.

அந்த மாதம் எங்கள் ஃபேக்டரியில் யாரும் வரவில்லை, அரைவ்டு ஆனார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை, வாக்டு. கன்வேயர் பெல்ட் பட்டென்று அறுந்தபோது அறுந்ததற்கு என்னிடம் சொல் இல்லை. மெக்கானிக்குக்கான சீட்டில் பெல்ட் ஸ்டாப்டு என்று எழுதினேன். அதைப் படித்த மெக்கானிக் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, பெல்ட் ஓடாததால் என்னைத் திட்டினார்.

பெரிய கூத்து சலிப்பு அறையில் நடந்தது. தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறை அது. தரையெல்லாம் தேயிலைத் தூசி. ஆண்டாண்டு காலமாக விளக்குமாறால் கூட்டுகிற இடம். கூட்டினால் எழுத வேண்டும், எழுத முடியாது. ஈரத் துணி போட்டுத் துடைக்கச் சொன்னேன். துடைப்பதற்கு மாப்டு என்று அடக்கமான சொல் ஒன்று என் கையில் இருந்தது.

அந்த அறையில் மூத்தவர் ஓர் அக்கா. சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"என்னாண்ணே இது? கூட்டுறதுக்குத் தொரை பாஷையில வார்த்தை இல்லையா? அப்ப தொரைமாரு வீட்டுல குப்பையே விழாதா?"

"சொன்னதைச் செய்யுங்கக்கா. புது ரூல்."

"ரூலு உங்க தலையில எழுதுனதா, தாளுல எழுதுனதா?"

துடைத்தார்கள். தூசி ஈரத்தில் குழம்பாகி, அறை முழுவதும் ஆயிரம் பேருக்கு டீ போட்ட மாதிரி மணந்தது. ஈரம் பட்டால் தூள் கெட்டுப்போகும் என்பது எங்கள் ஃபேக்டரிப் பூனைக்கும் தெரியும். அரை நாள் சலிப்பு நின்றது. க்ளீன்டு என்று ஒரு சொல் எழுதியிருந்தால் விளக்குமாறே போதும் என்பது மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. அது எனக்குத் தெரிந்த நாற்பதில் முதல் சொல்.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பூசையில் முழந்தாளிடும்போது, எப்போதும் வீட்டு நினைப்புத்தான். மனைவி இல்லாத நேரத்தில் நானும் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்ப்பேன். கதகதவென்று இருக்கும். வெளியே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வந்திருந்தேன், அவளுக்குத் தெரியாமல். அங்கே சுவர் ஐஸ் மாதிரி இருந்தது. அதை அவளிடம் சொல்வதற்கு எந்த வகுப்பிலும் எனக்குச் சொல் இல்லை.

ஐந்தாவது வாரம். இன்ஸ்பெக்ஷன் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்தேன். புதுப் பேனா, புது ரிஜிஸ்டர். இந்த முறை மேற்படி கிடையாது. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக, முத்து முத்தாக, ஆறு நாளுக்கும் எழுதினேன். தூளில் கலந்த இரும்பைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்போம். அதைப் பார்த்ததை வெறுமனே செக்டு என்று எழுதினால் உயிரில்லாமல் இருக்கிறது என்று, செவ்வாய்க்கு 'ரிமூவ்டு ஒன் நெய்ல்', வெள்ளிக்கு 'ரிமூவ்டு டூ நெய்ல்ஸ்' என்று இரண்டு ஆணியைச் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கு வந்ததும் கை நிற்கவில்லை. அன்றைக்கு அவர் முன்னால் உட்கார்ந்து எழுத நேர்ந்தால் பதற்றத்தில் பேனாவே பிடிக்க முடியாது என்று பயம். அதனால் அவர் வந்துபோனதையும் எழுதி முடித்தேன். இன்ஸ்பெக்டர் அரைவ்டு. ஹி விசிட்டட் த ஃபேக்டரி. ஹி ஆஸ்க்டு கொஸ்டின்ஸ். ஐ ஆன்சர்டு. ஹி லைக்டு அவர் டீ. ஹி தேங்க்டு அஸ்.

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அருமையா இருக்குதுங்க. ஒண்ணுகூட மாடிக்குப் போகலையே" என்றாள். இருவரும் டீ குடித்தோம். ஐந்து வாரத்தில் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

மேனேஜர் வழக்கம்போலத் திங்கட்கிழமை ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போலப் படிக்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேனேஜருக்கு ஒரு போன். மறுநாள் மலைப்பாதையில் தொங்கிக்கொண்டிருந்த பாறையை இறக்குகிறார்களாம், வண்டி விட மாட்டார்களாம். அதனால் இன்ஸ்பெக்டர் இன்றைக்கே வருகிறார். பதினொரு மணிக்கு வாசலில் ஜீப் நின்றது.

இத்தனை நாளும் நான் கற்பனையில் வைத்திருந்தவர் ஆறடி வெள்ளைக்காரர். இறங்கியவர் கட்டம் போட்ட சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட முப்பத்தைந்து வயதுக்காரர். நான் விறைத்து நின்று, "குட் மார்னிங் சார். ஐ வாஷ்டு. ஐ செக்டு. ஐ ஹேவ் ஓபன்டு" என்றேன்.

"தமிழ்லயே பேசலாமுங்க. நமக்குப் பொள்ளாச்சிதானுங்க" என்றார்.

ஐந்து வாரம். நாற்பது சொல். நமக்குப் பொள்ளாச்சிதானுங்க.

அவர் எல்லாவற்றையும் பார்த்தார். மேல் மாடியில் இலை பரப்பியிருப்பதை, மெஷினை, டிரையரை. காந்தத்தைக் கையால் தடவிப் பார்த்து, "சுத்தமா இருக்குதுங்களே" என்றார். தூளை மோந்து பார்த்து, டீ குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். மேனேஜர் முகத்தில் சர்டிபிகேட் தெரிந்தது. என் முகத்திலும் சுவர் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஆபீஸ் அறைக்கு வந்து, "அந்த ரிஜிஸ்டரக் கொஞ்சம் பாத்தர்றனுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாயிறு எழுத்து ஞாபகம் வந்தது. ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். கையெழுத்து அழகைக் காட்டும் ஆசையில் ரிப்பன் வைத்த பக்கத்திலேயே திறந்தும் கொடுத்திருந்தேன்.

"சார், இன்னொரு டீ" என்றேன்.

"வேண்டாமுங்க." வியாழக்கிழமைப் பக்கத்தைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு டிரையரை நிறுத்தியதாக அதில் எழுதியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டிரையர் ஓடுகிற சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

"பிஸ்கட்டாவது சாப்பிடுங்க" என்றேன்.

பக்கத்தைத் திருப்பினார். மெதுவாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு நிமிர்ந்து, கோபமே இல்லாமல் கேட்டார்:

"ஏனுங்க, நாளைக்கு நான் வந்துட்டுப் போயிட்டனுங்களா?"

மேனேஜரின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

ஒளிந்துகொள்ள ஒரு காலத்தைத் தேடினேன். நேற்று, இன்று, நாளை, இப்போதுதான் முடிந்தது, முன்பே முடிந்திருந்தது. அவள் அத்தனை பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த கட்டங்களில் ஒன்றில்கூட உள்ளே போகக் கதவில்லை.

"உங்க டீ புடிச்சுதுன்னு எழுதியிருக்கீங்க. அது சரிதானுங்க" என்றார். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, போய்விட்டது. விரல் மேலே நகர்ந்தது. "இந்த ரெண்டு ஆணி. நாளைக்கு எடுத்திருக்கீங்க. எங்கீங்க அது?"

நான் ஓடினேன். உண்மையாகவே ஓடினேன். காந்தத்துக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. இருபத்திரண்டு வருடமாகக் காந்தத்திலிருந்து எடுத்த ஆணி, கம்பித் துண்டு, ஸ்க்ரூ, சாக்குத் தைக்கிற ஊசி எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாள்கூடக் காந்தத்தைப் பார்க்காமல் நான் டிரையரை நிறுத்தியதில்லை. காய்ச்சலிலும் பார்த்தேன். என் தம்பியை அடக்கம் செய்த அன்று சாயங்காலமும் வந்து பார்த்தேன். டப்பாவை அவர் முன்னால் மேசையில் கவிழ்த்தேன். அடியிலிருந்த துரு தூளாகக் கொட்டியது.

"இதெல்லாம் நெசமுங்க சார். எழுத்துத்தானுங்க முன்னாடியே. வேலை அன்னன்னிக்குத்தானுங்க."

அவர் ஓர் ஆணியை எடுத்துப் பார்த்தார். மறுபடி டப்பாவுக்குள் போட்டார்.

"உங்க டப்பாவை நம்பறனுங்க அண்ணா. ஆனா நான் கையெழுத்துப் போட வேண்டியது டப்பாவுல இல்லீங்களே. இந்த நோட்டுலதானுங்க."

அந்த 'அண்ணா' இல்லாமல் இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

எட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், மேனேஜர் கையெழுத்தோடு. இந்த முறை அவர் படித்துவிட்டுத்தான் போட்டிருந்தார். வீட்டில் நின்று வாசித்தேன். மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். ரிலீவ்டு என்று இருந்தது. டிரான்ஸ்ஃபர்டு என்று இருந்தது. ரிக்வெஸ்டட் என்று இருந்தது. யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மாடி வார்த்தை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள்.

"இல்ல. எல்லாம் உன்னோட ஆறாங்கிளாஸ்தான்."

அவள் தலையாட்டிவிட்டு, முழங்காலை மாற்றி வைத்தாள்.

சர்டிபிகேட் இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. இப்போது ரிஜிஸ்டரை அன்றன்றைக்கு எழுதுகிறார்கள். டிகிரி முடித்தவர் எழுதுகிறார். நான் அதே ஃபேக்டரியின் மேல் மாடியில் பச்சை இலை பரப்புகிறேன். கடிதம் வந்த மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, மழை விட்ட நேரம் பார்த்து, வீட்டைக் காலி செய்தோம்.